மூலபாடம் எது? – தேடுபொறியின் அடைவும் செல்போன் வாசகரும்

1

தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தாலே நம் சிற்றிதழ்ச் சூழலில் இரண்டு விதமான எதிர்வினைகள்தாம் வருகின்றன. ‘அதெல்லாம் கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம், இலக்கியத்துக்கும் அரசியலுக்கும் அதுல என்ன இருக்கு’ என்று ஒதுங்கிக்கொள்வது ஒன்று. ‘எல்லாமே ஏகாதிபத்தியத்தின் சதி’ என்று ஒரே வரியில் கணக்கை முடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவது மற்றொன்று. இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: இரண்டுமே வாசிக்க மறுக்கின்றன. அதிகாரம் நாடாளுமன்றத்திலும் காவல் நிலையத்திலும் மட்டும் இல்லை, பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலும் மருத்துவமனைப் படுக்கை அட்டவணையிலும் இருக்கிறது என்று ஃபூக்கோவைச் சொல்லி முப்பது வருஷமாகப் பேசிவருகிறோம். அப்படிப்பட்ட நாம், தினமும் கையில் வைத்துக்கொண்டு தேடுகிற ஓர் அட்டவணையை மட்டும் ஏன் வாசிக்காமல் விட்டோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

இங்கு நான் வாசிக்க எடுத்துக்கொள்வது ஒரு தேடுபொறி செய்த பாடமாற்றத்தை. 2016 நவம்பரில் கூகுள் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதுவரை இணையப் பக்கங்களின் மேசைக் கணினிப் பதிப்பைப் படித்துத் தன் அடைவைத் தயாரித்துவந்த அது, இனிமேல் அதே பக்கங்களின் செல்போன் பதிப்பைப் படித்துத் தயாரிக்கப் போவதாகச் சொன்னது. தொழில் வட்டாரத்தில் இதற்கு ‘மொபைல் ஃபர்ஸ்ட் இன்டெக்சிங்’ என்று பெயர். 2018 மார்ச்சில் சில தளங்களை மாற்றத் தொடங்கினார்கள். 2019 ஜூலை முதல் புதிதாக வருகிற தளங்களுக்கு இதுவே விதியாயிற்று. எல்லாத் தளங்களையும் 2020 செப்டம்பருக்குள் மாற்றிவிடுவோம் என்றார்கள், கொரோனா காலத்தில் அதை 2021 மார்ச்சுக்குத் தள்ளினார்கள், அதற்குள்ளும் முடியவில்லை. 2023 அக்டோபர் கடைசியில்தான் மாற்றம் முடிந்ததாக அறிவித்தார்கள். மிச்சமிருந்த சில தளங்களையும் 2024 ஜூலை 5-க்குப் பிறகு செல்போன் பதிப்பாகவே படிப்போம், செல்போனில் திறக்கவே திறக்காத தளம் அடைவில் இருக்காது என்று கூறி விஷயத்தை முடித்தார்கள்.

எட்டு வருஷம் நடந்த இந்த மாற்றம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் என் கண்ணில் பட்டதெல்லாம் வியாபாரத் தளங்களுக்கான யோசனைகள்தாம்: ‘முதல் பக்கத்தில் வர என்ன செய்யலாம்’ என்கிற வகை. ஒரு தடவைகூட இது வாசிப்பு பற்றிய பிரச்சினையாக, பிரதி பற்றிய பிரச்சினையாகப் பேசப்படவில்லை. ஆனால் இது அடிப்படையில் பிரதி பற்றிய பிரச்சினைதான் என்பது என் வாதம்.

2

‘இணையத்தில் தேடினேன்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் யாரும் இணையத்தில் தேடுவதில்லை. ஒரு நிறுவனம் முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கிற அடைவில் தேடுகிறோம். அந்நிறுவனத்தின் நிரல் ஒன்று – அதற்குக் கூகுள்பாட் என்று பெயர் – பக்கம் பக்கமாகப் போய்ப் படியெடுத்துக்கொண்டு வருகிறது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறித்து வைக்கப்படுகிறது. சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவைப் புரட்டிய எந்த எம்.ஏ. தமிழ் மாணவருக்கும், அடைவு என்றால் என்ன, அதில் ஒரு சொல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது தெரியும். அடைவில் இல்லாத சொல் நூலில் இருக்கும். ஆனால் அடைவை நம்பி வருகிறவருக்கு அது இல்லாத சொல்தான்.

அடைவில் இடம் பெறுவது ஒன்று. தேடுகிறபோது எத்தனையாவதாக வருகிறது என்கிற வரிசை இன்னொன்று. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். செல்போனில் படிக்கத் தோதான பக்கத்துக்கு வரிசையில் சலுகை தருகிற ஏற்பாடு 2015 ஏப்ரல் 21-இலேயே வந்துவிட்டது. செல்போனில் தேடுபவருக்கு மட்டும், பக்கம் பக்கமாகப் பார்த்துத் தரப்பட்ட சலுகை அது. ‘மொபைல்’ என்பதோடு உலகப் பேரழிவைக் குறிக்கிற ‘ஆர்மகெடான்’ என்ற விவிலியச் சொல்லை ஒட்டவைத்து ‘மொபைல்கெடான்’ என்று ஆங்கிலப் பத்திரிகைகள் அதற்குப் பெயர் வைத்துக் கூத்தடித்தன. 2016-இல் அறிவிக்கப்பட்டது வேறு வகை. அது மதிப்பெண் பற்றியது அல்ல, விடைத்தாள் பற்றியது. எந்தத் தாளைத் திருத்துவது என்பதையே மாற்றிவிட்டார்கள்.

ஒரே இணைய முகவரியில் மேசைக் கணினிக்கு ஒரு பிரதியும் செல்போனுக்கு வேறொரு பிரதியும் காட்டுவது 2010-களில் பரவலான வழக்கம். செல்போன் பதிப்புக்கென்றே தனி முகவரி வைத்திருந்தவர்களும் நிறைய. திரை சின்னது, இணைப்பு மந்தம், டேட்டா விலை அதிகம். எனவே செல்போனுக்குச் சுருக்கிக் கொடுத்தார்கள். ஓரத்துக் குறிப்புகள் போயின. பெரிய அட்டவணைகள் போயின. ‘மேலும் படிக்க’ என்கிற தொடர்புடைய சுட்டிகள் போயின. படங்களுக்குக் கீழே இருந்த விளக்கங்கள் போயின. விக்கிபீடியாக் கட்டுரைகளின் அடியில் தொடர்புடைய மற்றக் கட்டுரைகளைக் கோத்துக் காட்டுகிற ஒரு பெட்டி உண்டு. அதன் செல்போன் பார்வையில் நெடுங்காலமாக அந்தப் பெட்டி வருவதில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. பேருந்தில் நின்றுகொண்டு படிப்பவருக்கு இவ்வளவு போதும் என்று நினைத்துச் செய்த சுருக்கப் பதிப்பு.

ஆக, இது பாடபேதப் பிரச்சினை. ஒரு நூலுக்குப் பல சுவடிகள் கிடைக்கிறபோது பதிப்பாசிரியர் ஒன்றை மூலபாடமாகக் கொள்கிறார். மற்றவற்றில் காணும் வேறுபாடுகளை அடிக்குறிப்பில் தருகிறார். உ.வே. சாமிநாதையர் பதிப்புகளை நாம் இன்றும் மதிப்பதற்கு அந்த அடிக்குறிப்புகள் ஒரு முக்கியக் காரணம். அவர் ஏற்காத பாடமும் அங்கே உயிரோடு இருக்கிறது. நாளை இன்னொருவர் வந்து ‘அய்யர் தேர்ந்தது சரியில்லை, இதுதான் பொருந்துகிறது’ என்று வாதாடலாம். தேடுபொறியின் அடைவில் அடிக்குறிப்பு கிடையாது. இரண்டு அடைவுகள் வைத்துக்கொள்ள மாட்டோம், ஒன்றுதான் என்று நிறுவனம் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட்டது. பல பிரதிகளில் எது ‘மூலம்’ என்று குறிக்க, 2009 முதல் தேடுபொறிகள் பயன்படுத்துகிற கலைச்சொல் என்ன தெரியுமா? ‘கேனானிக்கல்’. திருச்சபை தன் வேதநூல்களை வரையறுக்கப் பயன்படுத்திய சொல். இலக்கிய விமர்சனத்தில் ‘கேனன்’ என்பது யாரால், யாரை விலக்கிக் கட்டப்பட்டது என்று நாம் கட்டுடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பொறியாளர்கள் எந்தக் கூச்சமும் இல்லாமல் அதை ஒரு நிரல் வரியாக எழுதிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பாதிப்பு செல்போன்காரரோடு நிற்பதில்லை என்பது. அடைவு ஒன்றுதான் என்பதால், நூலகத்தில் பெரிய திரை முன்னால் உட்கார்ந்து தேடுகிற ஆய்வாளருக்கும் செல்போன் பதிப்பில் இருக்கிற சொற்களை வைத்துத்தான் விடை வருகிறது. ஓர் உண்மை அறியும் குழுவின் அறிக்கையைக் கற்பனை செய்து பார்ப்போம். கிராமத்தின் பெயர், சம்பவம் நடந்த தேதி, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வழக்கு, முதல் தகவல் அறிக்கை போட்டார்களா இல்லையா என்று நாற்பது வரிகள் கொண்ட அட்டவணை அதில் இருக்கிறது. தளத்தை வடிவமைத்துக் கொடுத்த தம்பி, ‘அண்ணே, செல்லுல டேபிள் அசிங்கமா தெரியுது’ என்று செல்போன் பதிப்பிலிருந்து அதை எடுத்துவிடுகிறான். முன்னுரையும் முடிவுரையும் மட்டும் அங்கே நிற்கின்றன. மேசைக் கணினியில் பார்த்தால் அட்டவணை பத்திரமாக இருக்கிறது. குழுவினர் அதைத்தான் பார்க்கிறார்கள், எல்லாம் சரியாக இருப்பதாக நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் கிராமத்தின் பெயரைப் போட்டு ஒரு வழக்கறிஞர் தேடினால் அந்த அறிக்கை வராது. அடைவைப் பொறுத்தவரை அந்த நாற்பது கிராமங்களில் ஒன்றும் நடக்கவில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மறைப்பது வேறு, எடுத்துவிடுவது வேறு. அட்டவணையைப் பக்கத்திலேயே வைத்து, தட்டினால் விரிகிற மாதிரி சுருட்டி வைத்திருந்தால் இயந்திரம் அதைப் படித்துவிடும். பக்கத்தின் நிரலிலிருந்தே நீக்கிவிட்டால்தான் போச்சு. நம் நண்பர்கள் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரிந்துகொள்வது நல்லது.

‘செல்போன் பதிப்பைப் படிப்பதால் யாருக்கும் வரிசையில் கூடுதல் மதிப்பெண்ணும் இல்லை, குறைவும் இல்லை’ என்று நிறுவனம் சொல்கிறது. எழுத்துப்படி அது சரிதான். ஆனால் வரிசை எதன் மேல் நிற்கிறது? அடைவில் ஏறிய பிரதியின் மேல். பிரதி சுருங்கினால், அது எந்தெந்தத் தேடலுக்கு விடையாக முடியுமோ அந்தத் தேடல்களும் சுருங்கிப்போகின்றன. சுட்டிகள் குறைந்தால், ஒரு பக்கம் இன்னொன்றை மதித்துச் சுட்டுகிறது என்கிற சாட்சியங்களும் குறைகின்றன. ஸ்டான்ஃபோர்டில் 1998-இல் செர்கி பிரினும் லாரி பேஜும் எழுதிய கட்டுரையின் உயிர்நாடியே அந்தச் சாட்சியம்தான். வாத்தியார் மார்க்கைக் குறைக்கவில்லை. நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டு மிச்சத்தை ரொம்ப நேர்மையாகத் திருத்துகிறார்.

3

சரி, செல்போன் வாசகர் என்று இவர்கள் சொல்கிறார்களே, அவர் யார்?

ஒவ்வொரு பிரதியும் தனக்குள் ஒரு வாசகரைக் கட்டிக்கொள்கிறது என்று வோல்ஃப்காங் ஈஸர் போன்றவர்கள் பேசினார்கள். இங்கே நிலைமை தலைகீழ். வாசகர் முதலில் கட்டப்படுகிறார். பிரதிகள் பிறகு அவருக்கேற்பத் தம்மை வெட்டிக்கொள்கின்றன. கூகுள்பாட் ஒரு தளத்துக்குள் நுழைகிறபோது தன்னை ஒரு வரியில் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அந்த வரியில் அது சொல்லிக்கொள்கிற பெயர் ‘நெக்சஸ் 5எக்ஸ்’ – 2015-இல் வெளிவந்த ஒரு ஆண்ட்ராய்டு செல்போன். அதாவது உலகத்துப் பக்கங்களையெல்லாம் ஒரு பழைய செல்போன் வேஷம் போட்டுக்கொண்டு ஓர் இயந்திரம் படிக்கிறது.

அதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. இந்தச் செல்போன் வாசகருக்கு விரல் கிடையாது. பக்கத்தைத் தள்ளினால், தட்டினால், எழுத்தைத் தட்டச்சு செய்தால் மட்டுமே வந்து சேர்கிற உள்ளடக்கத்தை அது பார்ப்பதில்லை என்று நிறுவனத்தின் ஆவணங்களே சொல்கின்றன. செல்போன் என்ற கருவியின் வாசிப்பே விரலில்தான் இருக்கிறது: தள்ளுவது, பெரிதாக்குவது, திரும்பி வருவது, பாதியில் நண்பனுக்கு அனுப்புவது. அந்த உடல் முழுக்கக் கழிக்கப்பட்ட பிறகு மிஞ்சுகிற ஒரு சட்டகம் இங்கே ‘வாசகர்’ என்று அழைக்கப்படுகிறது. உடலில்லாத, ஊரில்லாத, சாதியில்லாத, பாலில்லாத இந்த வாசகரை நமக்கு முன்பே தெரியும். ‘பொது வாசகர்’ என்று பத்திரிகை முதலாளிகள் சொல்லுவார்களே, ‘இதெல்லாம் பொது வாசகருக்குப் புரியாதுங்க’ என்று கட்டுரையைத் திருப்பி அனுப்புவார்களே, அவர்தான் இவர்.

இந்த வாசகரின் பெயரால் தள உரிமையாளர்கள் விளிக்கப்படுகிறார்கள். அல்தூஸர் தெருவில் போலீஸ்காரர் ‘ஏய்’ என்று கூப்பிட்டதும் திரும்புகிறவனைப் பற்றிச் சொன்னார். 2018-இல் தளம் வைத்திருந்தவர்களுக்கு நிறுவனத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: உங்கள் தளம் செல்போன் முதல் அடைவுக்கு மாற்றப்பட்டுவிட்டது. யாரும் விண்ணப்பிக்கவில்லை. மறுக்கவும் வழியில்லை. ஆனால் அறிவிப்பைப் படித்த மறு கணம் நாம் ‘திரும்பி’விடுகிறோம், நம் தளத்தை நம் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த இயந்திரத்தின் கண்ணால் பார்க்க ஆரம்பிக்கிறோம். அதற்கு வசதியாக ஒரு பரீட்சையும் வைத்திருந்தார்கள். முகவரியைக் கொடுத்தால் உங்கள் பக்கம் செல்போனுக்கு ஏற்றதா இல்லையா என்று தேர்ச்சி, தோல்வி சொல்லுகிற கருவி 2014-இல் வந்தது. 2023 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். மாணவர்கள் எல்லோரும் தாமாகவே கைகட்டி உட்காரப் பழகிவிட்ட பிறகு மானிட்டர் எதற்கு?

செல்போனில் வேகமாகத் திறப்பதற்கென்று 2015-இல் ‘ஏஎம்பி’ என்கிற ஒரு பக்க வடிவத்தைக் கூகுள் முன்வைத்தது. செல்போன் தேடலில் தலைப்புச் செய்திகள் வரிசையில் இடம் வேண்டுமானால் அந்த வடிவம் தேவை என்ற நிலை இருந்தது. பெரிய பத்திரிகைகள் ஆள் போட்டு மூன்றாவது பதிப்பு ஒன்றைத் தயாரித்தன. சின்னப் பத்திரிகைகளால் முடிந்தவை செய்தன, முடியாதவை விட்டன. 2021-இல் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். நேற்று இலக்கணமாக இருந்தது இன்று வழுவுமில்லை, மரபுமில்லை, வெறுமனே போய்விட்டது. இலக்கணம் மாறலாம். யாரிடமும் கேட்காமல் யார் மாற்றுகிறார்கள், மாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

4

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் உற்சாகமாகத் தலையாட்டுவார்கள் என்று தெரியும். ‘அதான் சொன்னோமே, செல்போன் வந்து வாசிப்பே நாசமாப் போச்சு’ என்பார்கள். அவர்களோடு நான் இல்லை.

மேசைக் கணினி முதலாக இருந்த அந்தப் ‘பொற்காலம்’ யாருடையது? மேசை வேண்டும். நாற்காலி வேண்டும். தனி அறை வேண்டும். நிற்காத மின்சாரம் வேண்டும். ‘கம்ப்யூட்டர்ல உக்காந்து என்னடி பண்ற’ என்று கேட்க ஆளில்லாத வீடு வேண்டும். இந்த நாட்டில் இவையெல்லாம் எந்தச் சாதியிடம், எந்த வர்க்கத்திடம், எந்தப் பாலிடம் இருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேசைக் கணினிப் பிரதியை மூலபாடமாகக் கொண்டிருந்த அடைவு, மேசை உள்ளவரின் அடைவாக இருந்தது. மேசை உள்ளவருக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். அதிகாரம் நமக்குச் சாதகமாக இருக்கிறபோது இயல்பாகத் தெரியும். அமெரிக்காவும் ஜப்பானும் உள்ளிட்ட 10 நாடுகளில் மேசைக் கணினியைவிடச் செல்போனில்தான் அதிகம் தேடுகிறார்கள் என்று கூகுள் 2015 மே மாதமே சொன்னது. இங்கே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, கணினியையே தொடாமல் நேராகச் செல்போன் வழியாக இணையத்துக்கு வந்தவர்கள் ஏராளம். கட்டட வேலைக்குப் போகிற தம்பியும், தையல் மிஷின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்கிற அக்காவும் இன்று வாசகர்கள். அவர்கள் திரையை அளவுகோலாகக் கொள்வது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. செல்போனைக் குறை சொல்லிப் புலம்புகிறவர்களில் பலர் உண்மையில் தங்கள் மேசை போன துக்கத்தைத்தான் கொண்டாடுகிறார்கள்.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். அளவுகோல் செல்போனாக ஆனது சரி. அந்த அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறார்கள்? செல்போனை இயக்குகிற ஆண்ட்ராய்டு அவர்களுடையது. அதில் பக்கத்தைத் திறக்கிற குரோம் அவர்களுடையது. தேடுகிற அடைவு அவர்களுடையது. ஆண்ட்ராய்டு விவகாரத்தில் தன் மேலாதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் சில உத்தரவுகளை நீக்கினாலும் அபராதத்தை உறுதி செய்தது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 5-இல் நீதிபதி அமித் மேத்தா, பொதுத் தேடலில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். செல்போன் தேடலில் அதன் பங்கு ஏறத்தாழ 95 சதவீதம் என்பது அவ்வழக்கில் வெளிவந்த கணக்கு. தன் தேடலை இயல்பிருப்பாக வைத்துக்கொள்ள 2021-இல் மட்டும் பிற நிறுவனங்களுக்கு 2,600 கோடி டாலருக்கு மேல் அது கொடுத்திருக்கிறது. கிராம்ஷி சொன்ன மேலாண்மை சம்மதத்தால் நடக்கிறது. இங்கே அந்தச் சம்மதத்துக்கு விலைச்சீட்டும் தொங்குகிறது.

ஆக, செல்போன் வாசகருக்குக் கிடைத்திருப்பது நுழைவு. செல்போனில் படிக்கிற அக்காவுக்கு எது தென்படும் என்பதைத் தீர்மானிப்பதில் அக்காவுக்குப் பங்கில்லை. அவர் பெயரைச் சொல்லி, அவர் திரையின் அகலத்தைச் சொல்லி, நெக்சஸ் 5எக்ஸ் முடிவு செய்கிறது. மக்கள் பெயரால் மக்கள் இல்லாமல் நடக்கிற காரியங்கள் நமக்குப் பழகியவைதாம். விளம்பரத்தில் பிழைக்கிற தேடுபொறி தன் இயல்பிலேயே விளம்பரதாரர் பக்கம் சாய்ந்து, தேடுகிறவரின் தேவையிலிருந்து விலகிவிடும் என்று அதே 1998 கட்டுரையின் பின்னிணைப்பில் பிரினும் பேஜும் எழுதியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். 2000-இல் தங்கள் விளம்பரத் திட்டத்தை ஆரம்பித்தவர்களும் அவர்களேதான்.

5

இதில் தமிழுக்கு என்ன? பிரதி ஊடகம் மாறுகிறபோது என்ன ஆகும் என்பதை நம்மைப் போல் பட்டறிந்தவர்கள் குறைவு. பனையோலையிலிருந்து அச்சுக்கு வந்தபோது, படியெடுக்கப்பட்டது பிழைத்தது, படியெடுக்காதது செல்லரித்தது. எதைப் படியெடுப்பது என்பதை மடமும் சாதியும் சமயமும் தீர்மானித்தன.

இரண்டாவது மாற்றம் நம் கண் முன்னால் நடந்தது. 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் இணையத்தில் ஏற்றப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் பல தத்தம் எழுத்துருக் குறியீட்டில் இருந்தன. டிஸ்கி ஒரு பக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் இன்னொரு பக்கம். பத்திரிகைகள் தாங்களே வைத்துக்கொண்ட எழுத்துருக்கள் வேறு. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டதே 2010-இல்தான். மேசைக் கணினியில் அந்தந்த எழுத்துருவை இறக்கி நிறுவினால் பக்கம் தமிழாகத் தெரியும். சாதாரணச் செல்போனில் அதற்கு வழியில்லை. ரோமன் எழுத்துகளும் கொக்கிகளும் குவிந்த குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்து தேடுகிறவருக்கு அந்தப் பக்கங்கள் அகப்படுவதும் அரிது. தொண்ணூறுகளின் விவாதங்களில் – தலித் அரசியல், பெண்ணியம், தேசிய இனப் பிரச்சினை, மார்க்சியத்தின் நெருக்கடி – இணையத்துக்கு வந்த கொஞ்சநஞ்சமும் இப்படிப் பாதி ஊமையாகக் கிடக்கிறது. மற்றவை பக்கத்தைப் படம் பிடித்த பிடிஎஃப் கோப்புகள். சேமிப்பு என்ற வகையில் அவை பொக்கிஷம். ஆனால் எழுத்தாக மாற்றப்படாத படத்தை நம்பி யாரும் தேட முடியாது. செல்போனில் இரண்டு பத்தி வடிவப் பக்கத்தை இழுத்து இழுத்துப் படிப்பதற்குள் கண் பூத்துப்போகும்.

விளைவு என்ன? இன்றைக்கு இருபது வயதில் அரசியலுக்கு வருகிற ஒரு தங்கச்சி, செல்போனில் ஒரு கருத்தைத் தேடுகிறார். நேற்று எழுதின வியாபாரப் பத்திரிகைக் கட்டுரை மேலே வருகிறது. அதற்கும் மேலே, 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிப் பிறகு இந்தியாவுக்கும் வந்த, இயந்திரமே எழுதிய சுருக்கம் வந்து நிற்கிறது. வலைப் பக்கங்களை அடைவிலிருந்து எடுத்துச் செய்த சுருக்கம் அது; அடைவில் இல்லாதது அதிலும் இல்லை. இந்த விவாதம் தன் மொழியில் முப்பது வருஷத்துக்கு முன்பே நடந்தது, யார் யாரோடு சண்டை போட்டார்கள், எது தோற்றது, ஏன் தோற்றது என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வழியில்லை. ஒவ்வொரு தலைமுறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருப்பதைவிட ஆதிக்கத்துக்கு வசதியான விஷயம் வேறென்ன இருக்க முடியும்?

செய்யக்கூடியவை பெரிய மர்மமல்ல. செல்போனுக்குத் தனிச் சுருக்கப் பதிப்பு வேண்டாம். 2010-இல் ஈத்தன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர் முன்வைத்த முறை ஒன்று இன்று பரவலாகிவிட்டது. ஒரே பிரதி, திரையின் அகலத்துக்கேற்ப அது மடங்கி நிற்கும். அதைப் பின்பற்றினால் பாடபேதமே எழாது. அலங்காரமில்லாத வெறும் எழுத்துப் பக்கம் எந்தச் செல்போனிலும் திறக்கும், எந்த இயந்திரமும் படிக்கும். காசில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. அட்டவணையை எடுத்துவிடாமல், கிராமங்களின் பெயரைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போட வேண்டும். பழைய எழுத்துருக்களில் கிடப்பவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். படங்களைப் பிழை திருத்தி எழுத்தாக்க வேண்டும். பதிப்பகம் வைத்திருக்கிற தோழர்கள், தங்கள் தளத்தை வாரத்துக்கொரு முறையாவது மலிவான ஒரு செல்போனில் திறந்து, என்ன காணாமல் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆனால் இவ்வளவும் அவர்களுடைய அடைவுக்குள் நுழைகிற காரியங்கள்தாம். நுழைய வேண்டியது அவசியம். அதோடு நின்றுவிட்டால் நாமும் ‘முதல் பக்கத்தில் வர என்ன செய்யலாம்’ ஆட்கள்தாம். மதுரைத் திட்டம் 1998 முதலும், ஈழத்து எழுத்துகளுக்கு நூலகம் திட்டம் 2005 முதலும், சென்னையில் 1994-இல் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் செய்துவருவது வேறு வகை வேலை. மனிதர்கள் உட்கார்ந்து, எது எங்கே இருக்கிறது என்று பெயர் போட்டு வைக்கிற வேலை. அந்த அடைவில் ஒரு நூல் விட்டுப்போயிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று நமக்குத் தெரியும், சண்டையும் போடலாம். சிற்றிதழ்களுக்கு அப்படி ஒரு பொருளடைவு – இதழ் வாரியாக, ஆசிரியர் வாரியாக, விவாத வாரியாக – நாமே தயாரிக்காதவரை, நம் எழுத்தின் மூலபாடம் எது என்பதை விரலில்லாத ஒரு வாசகர்தான் முடிவு செய்துகொண்டிருப்பார்.

இந்த வேலையை எந்த இதழிலிருந்து தொடங்குவது, யார் யார் எதை எடுத்துக்கொள்வது என்பதுதான் இப்போது பேச வேண்டியது. பழைய இதழ்க் கட்டுகளைப் பரணில் வைத்திருப்பவர்கள் முதலில் அவற்றைக் கீழே இறக்கட்டும்.